படகைத் திருப்பிய அத்தியாயம்

கடற்சண்டை வீடியோ கேம் ஒன்றை வைத்துத் தமிழில் நாவல் வரிசை வருகிறது. அதில் இரண்டு நாவல்கள் நான் எழுதியவை. அட்டையில் இருப்பது மிடுக்கான ஓர் ஆண் பெயர். அந்தப் பெயருக்குள் மூன்று பேர் இருக்கிறோம். மற்ற இருவரை நான் பார்த்ததுகூட இல்லை. காத்திவாக்கத்து மீன்காரியின் மகள் எழுதியது என்று தெரிந்தால் ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்பது பதிப்பகத்தின் நினைப்பு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு பிழைத்தேன்.

எழுதுவதற்கு முன் கேமை ஆடிப் பார்க்கச் சொன்னார்கள். ஆடினேன், தோற்றேன், மறுபடியும் தோற்றேன். கூட வரும் படகு மூழ்கியதும், விழுந்தவர்களைத் தேட என் விரல் தானாகவே படகைத் திருப்பிவிடும். அதற்குள் எதிரி என்னை முடித்துவிடுவான். எங்கள் குப்பத்தில் யார் கையில் கொடுத்தாலும் இப்படித்தான் தோற்பார்கள்.

நான் எட்டாவது படிக்கும்போது என் அப்பாவின், அதாவது நைனாவின், படகு இன்ஜின் பழுதாகி மூன்று நாள் கரை திரும்பவில்லை. அந்த மூன்று நாளும் குப்பத்தில் ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. இருந்த படகெல்லாம் தேடத்தான் போயின. ஆள் கிடைக்கும்வரை வலை கடலில் இறங்காது. அது எங்கள் கட்டுப்பாடு. நைனாவைக் கண்டுபிடித்து இழுத்து வந்தவர், வலைச் சண்டையில் எங்களோடு இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரர்.

அந்த இரண்டுக்கும் பிறகு எழுதிய மூன்றாவது நாவலில் அதை வைத்தேன். ஒரு படகு மூழ்குகிறது. தலைவன் சண்டையை விட்டுவிட்டு மொத்தப் படையையும் திருப்புகிறான்.

பதிப்பாசிரியர் போன் செய்தார். “கேம்ல படகு திரும்பாது மேடம். ஆடுறவங்க ஒத்துக்கமாட்டாங்க. மாத்திக் கொடுங்க.”

“மாத்தமாட்டேன் சார். கடல்ல ஆள வுட்டுட்டு வர்ற கத என் கையால வராது.”

“சரி, வேற ஒருத்தர் மாத்திடுவார். பேரு ஒண்ணுதானே.”

அடுத்த மாதம் புத்தகம் வந்தது. அந்த அத்தியாயத்தில் படை நிற்காமல் முன்னேறிக்கொண்டிருந்தது. விழுந்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். வலை தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“இன்னாம்மா இது? கூட வந்தவன வுட்டுட்டு ஜெயிச்சானா? எந்த மூஞ்ச வச்சிகினு கரைக்கு வருவான்?”

“இத நான் எழுதல நைனா.”

“உன் புக்குன்னுதான சொன்ன?”

அவமானமாக இருந்தது.

மறுநாளே ஜெராக்ஸ் கடைக்குப் போய் என் அத்தியாயத்தை அச்செடுத்தேன். எனக்கு வந்த பிரதிகள் அத்தனையிலும் அவர்கள் மாற்றிய பக்கங்களின் மேல் பசை தடவி அதை ஒட்டினேன். ஒன்று பக்கத்து வீட்டுக்காரருக்கு. ஒன்று நைனாவுக்கு. ஒன்றைப் பதிப்பகத்துக்கே அனுப்பினேன். இனி அங்கிருந்து வேலை வராது; தெரிந்துதான் அனுப்பினேன். அட்டையை நான் தொடவில்லை. அந்த மிடுக்கான ஆள் அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். படகு திரும்பும் பக்கத்தின் அடியில், நைனாவின் முதலெழுத்தோடு என் பெயரை எழுதியிருக்கிறேன்.