நெறிகட்டும், நான் வெட்டிய நான்கு பத்திகளும்

என் அக்காவுக்கு மூன்றாவது தவணை ஊசி போட வேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை. போடவில்லை என்பது புதன்கிழமை காலையில்தான் எனக்குத் தெரிந்தது. கோவில்பத்திலிருந்து கோட்டுச்சேரிக்கு பைக்கில் போகும் வழியெல்லாம் யார் யாரைத் திட்டுவது என்று மனதுக்குள் பட்டியல் போட்டேன். என்னை அதில் சேர்க்கத் தோன்றவில்லை.

அதற்கு முந்தைய செவ்வாயன்று கடைத்தெருவில் ஒரு நாய் அவள் இடது முன்கையைக் கடித்தது. ஆழமான கடி. ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவி, காயத்தைச் சுற்றி ஓர் ஊசியும் இரண்டு தோள்களிலும் தடுப்பூசியும் போட்டார்கள். வெள்ளியன்று இரண்டாவது தவணை. ஞாயிறன்று இடது அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டதற்கு, அங்கே சீட்டு எழுதும் ஊழியர், "ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க" என்றாராம். விட்டுவிட்டார்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிறகு வைத்தியமே இல்லை என்பது அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை.

நான் போனபோது அக்கா கையை உடம்பில் படாமல் விலக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். அக்குளில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பற்று.

"நேத்து ஏன் போகலை?"

"நெறி கட்டிருச்சுடா. மருந்து ஒத்துக்கலை."

"யார் சொன்னா? அந்த ஆளு டாக்டரா?"

"கத்தாதே மாப்ள" என்றார் அத்தான். "ரெண்டு தடவை போட்டாச்சு. ஊசி போட்டா சில நாள்ல எதிர்ப்பு சக்தி வந்துடும்னு நீதானே எழுதுன?"

பீரோவைத் திறந்தார். கதவின் உட்புறம், தடுப்பூசி பற்றி நான் வேலை பார்க்கும் பத்திரிகையில் எழுதிய கட்டுரை, ஓரம் பிசகாமல் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. அவர் சொன்ன வரிக்குக் கீழே பேனாவால் கோடு.

அந்தக் கட்டுரைக்காக ஒரு மருத்துவர் எனக்கு முக்கால் மணி நேரம் விளக்கினார். முழுவதையும் எழுதினேன். கடைசி நேரத்தில் பூச்சிமருந்து விளம்பரம் ஒன்று வந்து பக்கத்தில் பாதி இடத்தைப் பிடித்தது. நான்கு பத்திகளை நானே வெட்டி, அந்த ஒற்றை வரியை வைத்தேன்.

வெட்டியது இதைத்தான். தோலில் இருக்கும் சில செல்கள் ஊசி மருந்தைப் பிடித்துச் சுமந்துகொண்டு அக்குளில் உள்ள நிணநீர்க்கணுவுக்குப் போகின்றன. அந்தக் கணு வீங்குவதைத்தான் நெறி கட்டுவது என்கிறோம். கணுவுக்குள் பி, டி என்று இரண்டு வகை வெள்ளணுக்கள், ஒவ்வொன்றுக்கும் தனி இடம். கிருமியை மடக்கும் எதிர்பொருளைத் தயாரிப்பவை பி செல்கள். ஆனால் டி செல்லின் உதவி இல்லாமல் நல்ல எதிர்பொருள் வராது. ஆகவே இரண்டும் தத்தம் இடத்திலிருந்து நகர்ந்து எல்லையில் சந்திக்கின்றன. பிறகு சில பி செல்கள் உள்ளே திரும்பிப் போய்ப் பெருகுகின்றன, பெருகும்போதே மாறுகின்றன. கிருமியைச் சரியாகப் பிடிக்க முடியாதவை அங்கேயே சாகின்றன. தேறியவை மறுபடி பெருகுகின்றன. இதற்கு நாள் பிடிக்கும். அதுவரை காப்பாற்றுவது, காயத்தைச் சுற்றிப் போட்ட ஊசியில் இருக்கும் இரவல் எதிர்பொருள். அது நாளாக நாளாகக் கரைந்துவிடும். அடுத்தடுத்த தவணைகள் அதற்காகத்தான்.

வேலை நடப்பதால் வீங்கிய இடத்தைப் பார்த்துவிட்டு ஊசியை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஊழியரைத் திட்டினேன், அத்தானைத் திட்டினேன், பற்றுப் போட்ட பக்கத்து வீட்டையும் திட்டினேன். பீரோக் கதவு திறந்தபடியே இருந்தது. அதைப் பார்த்ததும் வாய் நின்றது, கோபம் நிற்கவில்லை.

வெட்டிய பத்திகளை அக்காவிடம் வாயால் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப என் கக்கத்துல ஒரு பஸ் ஸ்டாண்டே நடக்குதுங்கிற" என்றாள்.

"ஆமா. கிளம்பு."

"இருடா, பத்தைக் கழுவிட்டு வர்றேன். சுண்ணாம்போட போனா டாக்டர் என்னைத் திட்டுவாரு, உன்னையா திட்டப் போறாரு?"

ஆஸ்பத்திரியில் இருந்த மருத்துவர் காயத்தில் சீழ் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. அக்குளை அழுத்திப் பார்த்தார். "ஒரு நாள் தள்ளிப்போனதுக்குப் பயப்பட வேண்டாம். நிறுத்திடாதீங்க" என்று ஊசியைப் போடச் சொன்னார்.

இருபத்தெட்டாம் நாள் கடைசித் தவணைக்கு நானும் கூடப் போனேன். சீட்டு எழுதும் இடத்தில் அதே ஊழியர். எங்களுக்கு முன்னால் நின்ற பெண், "கக்கத்துல கட்டிருக்குங்க, இன்னிக்குப் போடலாமா?" என்று கேட்டாள். அவர் தலை நிமிராமல், "ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"ஏங்க, விடச் சொல்றதுக்கு நீங்க யாரு? எனக்கும்தான் கட்டுச்சு. உள்ள வேலை நடக்குது, அதான் வீங்குது. டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க."

"நீங்க என்ன டாக்டரா?"

"இல்லை. கடி வாங்குனவ."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஊழியர் சிரிக்கவில்லை. கிளம்பத் திரும்பிய அந்தப் பெண், கையில் மடித்து வைத்திருந்த பழைய சீட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

"எழுதுங்க" என்றாள்.