ஆவூர்க் குப்பைமேனியும் ஆய்வகத் தட்டும்

கார்த்திகை மழை விட்டதும் ஆவூருக்கு இரண்டாம் முறையாகப் போனேன். நுண்ணுயிரியல் முதுகலை ஆய்வுக்காக முதல் முறை குப்பைமேனி பறித்து வந்திருந்தேன். என் தோழி ஸ்டெல்லாவின் அக்கா சகாயமேரி வீட்டுக் கொல்லையில் அது செழித்துக் கிடந்தது. "என்ன முடிவு வந்துச்சுன்னு வந்து சொல்லணும்" என்று அப்போதே கேட்டுக்கொண்டார் அவர்.

திருச்சியிலிருந்து விராலிமலைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கிருந்து ஆவூருக்கு ஷேர் ஆட்டோ. காலையிலேயே கிளம்புவது நல்லது. மதியத்துக்கு மேல் வண்டி அரிது.

முடிவு நன்றாகவே வந்திருந்தது. ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டு முழுக்கப் பாக்டீரியா படர்ந்திருக்க, இலைச் சாறு வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் அது வளராமல் தெளிவான வட்டம். போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். சகாயமேரியின் கணவர் சவரிமுத்து அண்ணனுக்குச் சர்க்கரை நோய். காலில் புண், மாதக்கணக்கில் அதே இலையைத்தான் அரைத்துக் கட்டுகிறார்.

"பாத்தியா? ஆஸ்பத்திரி எதுக்குங்குறேன்!" என்றார் மனைவியிடம்.

கட்டைப் பிரிக்கச் சொன்னேன். கெட்ட வாடை வந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. என் சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது.

"அண்ணே, இலை தட்டுலதான் கேட்டுச்சு. அதுவும் சாறை நல்லா வடிச்சுக் கெட்டியாக்கி வச்சோம். தட்டுல சர்க்கரை நோயும் இல்ல, ரத்த ஓட்டமும் இல்ல. இது ஒங்க காலு. இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டணும்."

"அப்ப எதுக்குத்தான் டெஸ்ட் பண்ணுனீங்க?"

கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். "என்னைக்காவது இதுல இருந்து மருந்து வரலாம்ணே. அதுவரைக்கும் ஒங்க காலு காத்திருக்காது" என்றேன்.

சகாயமேரி அதற்குள் பையை எடுத்திருந்தார். "ஆட்டோவ இங்கிட்டு வரச் சொல்லும்மா. நீங்க எந்திரிங்க" என்றார். ஆஸ்பத்திரிவரை அண்ணன் என்னோடு பேசவே இல்லை.

இலை பறிக்கப் போகிறவர்களுக்கு: மழை முடிந்த பின் போங்கள். சாலையோரச் செடி வேண்டாம், புகை படிந்திருக்கும். கொல்லைக்காரரிடம் கேட்டுப் பறியுங்கள். முடிவைச் சொல்லத் திரும்பிப் போங்கள். நல்ல முடிவென்றால் இன்னும் சீக்கிரமாக.

திரும்பி வந்து, ஆய்வேட்டில் 'புண்ணை ஆற்றும்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'தட்டில் வளர்ச்சியைத் தடுத்தது' என்று மாற்றினேன்.

போன வாரம் சவரிமுத்து அண்ணனே போன் செய்தார். "வெரலு ஒண்ணு போச்சும்மா. காலு இருக்கு. மாட்டப் பிடிச்சுக்கிட்டு வயலுக்குப் போறேன்."