இடுப்பில் ஒரு காடிக் கிண்ணம்

நுக்கேரியா சந்தையில் பாக்கியுஸைத் தெரியாதவர்கள் இல்லை. மூன்று காடிக் கிண்ணங்களும் ஒரு கூழாங்கல்லும்தான் அவன் பிழைப்பு. கல் எந்தக் கிண்ணத்துக்கு அடியில் என்று கேட்பான். சொன்னவர் தோற்பார். அடிமையாகச் சத்திரத்தில் பாத்திரம் கழுவிய வயதில் பழகிய வித்தை அது. விடுதலையான பிறகு ஊருக்கு ஒரு நாள் என்று சந்தை சந்தையாக நடந்தான். கூட்டத்தைக் கூட்டுவது மனைவி விபியா.

அன்று காலை தெருவைக் கடக்கப் போட்டிருந்த குறுக்குக் கல்லில் நின்றவனைப் பாரம் ஏற்றிய கோவேறு கழுதை தள்ளிவிட்டது. முழங்கால் கல் விளிம்பில் மோத விழுந்தான். எழ முடியவில்லை. வலது கால் மடங்கி, உட்பக்கம் திரும்பி, மற்றதைவிடக் குட்டையாகக் கிடந்தது.

எலும்பு வைத்தியர் நிக்கோனின் கடைத் தரையில் கொண்டுவந்து போட்டார்கள். நிக்கோன் கிரேக்கன், நிதானமானவன். இடுப்பைத் தடவிப் பார்த்தான். பிறகு விபியாவின் பையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தான்.

"உன் இடுப்பெலும்புலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. உங்க ஆளுங்க அதுக்கு இந்தப் பேரையே வெச்சிருக்காங்க, அசெட்டாபுலும்னு. ரொட்டியத் தொட்டுக்கப் புளிச்ச திராட்சைக் காடி ஊத்தி வெப்பீங்களே, அந்தக் கிண்ணம். எங்க ஊர்ல வெறும் கிண்ணம்தான்."

"என் இடுப்புலயா? அப்ப உள்ளயும் நான் ஏமாத்துக்காரன்தான்."

"தொடையெலும்போட உருண்ட தலை அதுக்குள்ள உக்காந்திருக்கணும். உள்பக்கம் வழுவழுப்பு, பிறை மாதிரி வளைஞ்சு. விளிம்பச் சுத்தி ஒரு குருத்தெலும்பு வளையம், தலையக் கவ்விப் பிடிக்க. நடுவுல குட்டியா ஒரு நாண். உனக்கு தலை விளிம்பத் தாண்டிப் பின்னால போயிடுச்சு. கிண்ணம் காலியா இருக்கு."

"ஆட்டுத் தொடையப் பிரிக்கும்போது அந்த நாணத்தான் அறுப்பேன்," என்றார் ஒத்தாசைக்கு வந்திருந்த பக்கத்துக் கடைக் கசாப்புக்காரர் லூரியுஸ். "பயப்படாதடா, கத்திய வெச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

"இன்னிக்கே அது உள்ள போகலன்னா?" விபியா கேட்டாள்.

"குழியில சதை அடைச்சுக்கும். அப்புறம் கோலும் கையுமாத்தான் திரியணும்."

நடக்க முடியாதவனுக்கு எந்த ஊர்ச் சந்தை?

லூரியுஸ் இரண்டு கைகளாலும் இடுப்பைத் தரையோடு அழுத்தினார். நிக்கோன் முழங்காலை மடித்துத் தன் கால்களுக்கு நடுவே பிடித்து மேலே இழுத்தான். பாக்கியுஸின் தொடை கல்லாக இறுகியது. அசையவில்லை. மறுபடி இழுத்தான். பாக்கியுஸ் அலறினான். எலும்பு அங்கேயே நின்றது.

"தொடையத் தளர விடுய்யா!"

"நான் எங்க இறுக்குறேன்? அதுவா இறுகுது."

"நான் இழுக்கறதுக்கு முன்னாடியே இறுகுது. எப்படித் தெரியுது உனக்கு?"

"உம்ம தோள்பட்ட சொல்லுது. மூச்ச இழுக்குறீரு, இடது கட்டவிரல் நகருது. கையப் பாத்தே வயித்தக் கழுவுறவன் நான்."

கண்ணைக் கட்டினார்கள். அப்போது நிக்கோனின் செருப்புச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தான். கெட்டியான திராட்சை மது கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு இன்னும் கூர்மையாகக் கவனித்தான். நிக்கோனின் நெற்றியில் வியர்வை. தொடை வீங்கத் தொடங்கியிருந்தது.

"இன்னும் ஒரு தடவதான். வீக்கம் ஏறினா யாராலயும் முடியாது. இவன் கவனத்த எங்கயாவது திருப்பும்மா."

பாக்கியுஸ் வலியோடு சிரித்தான். "என் கவனத்தயா? ஊரார் கவனத்தத் திருப்பிப் பிழைக்கிறவனே நான்தான்."

விபியா அவன் கண்கட்டை அவிழ்த்துவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவன் மார்பில் ரொட்டிப் பலகையை வைத்து, மூன்று கிண்ணங்களையும் கவிழ்த்தாள்.

"கைய எடு! எத்தன தடவ சொல்லியிருக்கேன், அதத் தொடாதன்னு!"

"தொட்டுட்டேன். பாரு."

"பாக்க மாட்டேன்."

கல்லைக் காட்டினாள், மூடினாள், நகர்த்தினாள். பார்க்கக் கூடாதென்று கூரையைப் பார்த்தான். கிண்ணம் பலகையில் தவறாக உரசும் சத்தம் காதில் விழுந்தது. பொறுக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"கட்டவிரல் வெளிய தெரியுதுடி! குருடன்கூடக் கண்டுபிடிப்பான்."

"சரி, கல்லு எங்க?"

"நடுவுல."

நடுக் கிண்ணத்தைத் தூக்கினாள். இல்லை.

"இடது."

இல்லை.

மூன்றாவதைத் தானே தூக்கினான். வெறும் பலகை. மூன்றிலும் கல் இல்லாமல் போவது அவன் வித்தையிலேயே கிடையாது. எங்கே போனது? அவள் மணிக்கட்டை, மடியை, வாயைப் பார்த்தான்.

நிக்கோன் இழுத்தான்.

சத்தம் வெளியே கேட்டதைவிட வயிற்றுக்குள்தான் அதிகம் கேட்டது. கனமாக ஏதோ உருண்டு விழுந்து உட்கார்ந்தது. பலகை தரையில் சரிந்தது. கிண்ணங்கள் வாசல்வரை உருண்டன. லூரியுஸ் பிடியை விட மறந்து அப்படியே அழுத்திக்கொண்டிருந்தார்.

நிக்கோன் மெல்லக் காலை நீட்டினான். கால் நீண்டது. தொடையை உள்ளுக்கும் வெளிக்கும் திருப்பினான். தடுக்கவில்லை. இரண்டு குதிகால்களையும் சேர்த்து வைத்து, கண் மட்டத்துக்குக் குனிந்து பார்த்தான். ஒரே கோடு.

"கல்லு எங்கடி?" என்றான் பாக்கியுஸ்.

"மொதல்ல காலப் பாருய்யா!" விபியாவின் குரல் உடைந்தது.

அவன் பார்க்கவில்லை. அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.