பரணில் ஏறிய உப்பு ஜாடி

கரமனையில் என் அக்கா வீட்டுச் சமையலறைப் பரணில் ஓர் உப்பு ஜாடி இருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதை அங்கே ஏற்றியது, அத்திம்பேரின் கைக்கு எட்டாமல் இருக்கத்தான். ரத்த அழுத்தம் என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அக்கா அறவே நிறுத்திவிட்டாள். வங்கி மேலாளராக இருந்து எத்தனையோ பேரை அதட்டியவர், வீட்டில் உப்பில்லாத ரசத்தை வாய் திறக்காமல் குடித்தார்.

வெளியிலோ உப்பு அவரை விடவில்லை. ஓய்வுபெற்றதும் ஆசையாகக் காயலோரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தார். கடல் தண்ணீர் ஏறி உவர்ந்துபோன மண். இரண்டு முறை பச்சைப்பயறு விதைத்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை. மூன்றாம் முறையும் பொய்த்தால் நிலத்தை விற்றுவிட வேண்டியதுதான் என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவருக்கு அந்த நிலத்தின்மேல் உயிர். வேளாண் அலுவலகத்துக்கு ஓடினார். விதையை இலேசான உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் உவர் மண்ணை ஓரளவு தாங்கும் என்று அங்கிருந்த அதிகாரி சொல்லியனுப்பினார்.

வீட்டுக்கு வந்து உப்பு கேட்டதும் அக்காவுக்குச் சந்தேகம். நாக்குக்காக விவசாயத்தைச் சாக்குச் சொல்கிறார் என்றே நினைத்தாள். கடைசியில் மனமில்லாமல் ஜாடியை இறக்கி, விதைப்பயறு ஊறும் பாத்திரத்தில் ஒரே ஒரு ஸ்பூன் போட்டு, அது கரையும்வரை அங்கேயே நின்றாள். ஜாடியைத் திரும்ப ஏற்றாமல் அவள் விளக்கேற்றப் போன நேரத்தில் அத்திம்பேர் இன்னும் இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டுவிட்டார். உப்பில்லாமல் இருப்பது என்ன பாடு என்று அனுபவித்தவர் ஆயிற்றே, விதைகளாவது திருப்தியாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

நவராத்திரிச் சமயம் அது. கொலுச் சுண்டலுக்காக அக்காவும் பக்கத்திலேயே இன்னொரு பாத்திரத்தில் பயறு ஊறவைத்திருந்தாள். மறுநாள் அவள் அடுப்பில் ஏற்றியது அத்திம்பேரின் பாத்திரத்தை. வழக்கமான உப்பையும் மேலே போட்டாள். நைவேத்தியம் ஆகாமல் ருசி பார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. சாயங்காலம் வந்த மாமிகள் முதல் வாயிலேயே தண்ணீர் கேட்டார்கள். நான் ஒரு சொம்பு தண்ணீரைக் காலி செய்தேன். அத்திம்பேர் மட்டும் மூன்றாவது முறை கிண்ணத்தை நீட்டினார். அக்கா தடுக்கப் பார்த்தாள்.

"பிரசாதத்த வேண்டாம்னு சொல்லப்படாது, கேட்டயா" என்றார்.

வந்தவர்கள் போன பிறகு, தன் பாத்திரம் அடுப்படியில் காலியாக இருப்பதைப் பார்த்துத்தான், தின்றது தன் விதை என்று அவருக்கு உறைத்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாக இருந்தது.

கடைசியில் இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டதை அக்காவிடம் ஒப்புக்கொண்டார். மறுநாள் காலையில் அக்கா அந்த அதிகாரிக்குத் தானே போன் செய்து அளவு கேட்டாள். இரண்டு கைப்பிடி போட்ட கதையைக் கேட்டு அவர் சிரித்தாராம். அந்த விதை நிலத்துக்குப் போயிருந்தால் ஒன்றுகூடத் தேறியிருக்காது, சுண்டல் ஆனதே நல்லது என்றாராம். அக்கா ஜாடியை இறக்கி, தன் கையாலேயே அளந்து போட்டுப் புது விதையை ஊறவைத்தாள். அந்த முறை பயறு முளைத்தது. நிலம் தப்பியது.

இந்த வருஷக் கொலுவுக்கு அந்த நிலத்துப் பயற்றில்தான் சுண்டல். எங்களுக்குப் போட்டது அளவான உப்போடு இருந்தது. அத்திம்பேருக்குத் தனியாக எடுத்துவைத்ததை ஒரு வாய் போட்டுவிட்டு, அவர் ஏக்கத்தோடு பரணை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த மண்ணுல இருக்கற உப்பே போறும்" என்றாள் அக்கா.