பெயர் மறைத்த பாலம்

கண்டியைச் சுற்றி வீடு கட்டுவதென்றால் மலையை வெட்டித்தான் கட்டவேண்டும். பேராதனையைத் தாண்டி கெலிஓயாவுக்குப் போகும் வழியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடும் அப்படித்தான் இருந்தது. ரோட்டோரத்தில் வீட்டுக்கார நோனாவின் வீடு. அங்கிருந்து ஈரமான படிகளில் இறங்கினால், சரிவுக்குள் பாதி புதைந்து எங்கள் வீடு. நோனா ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை. நானும் ஒரு டீச்சர் என்பதால்தான், தமிழ் ஆட்கள் என்று தெரிந்தும், வீட்டைக் கொடுத்தார். அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகளோடு பேச அவர் இன்டர்நெட் எடுத்திருந்தார். எங்கள் வீட்டுக்குத் தொலைபேசிக் கம்பியே கிடையாது.

யுத்தம் முடியப்போகிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. என் அம்மா வன்னியில் இருந்தார். தங்கச்சி குடும்பத்தோடு ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியாக எந்த மரத்தடியில் இருக்கிறார் என்று தெரியாத நிலை. உயிரோடு வெளியே வந்தாரா, இல்லையா? எனக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதும் அதுதான் மண்டைக்குள் ஓடும்.

அந்தப் பதில் வருவதென்றால் கனடாவில் இருக்கும் அண்ணா வழியாகத்தான் வரவேண்டும். வவுனியா முகாம்களுக்குப் போய்வரும் ஒரு பாதிரியார், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளூர் எண்களுக்கு அவர் எடுப்பதில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் கைத்தொலைபேசிகளை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். 'வன்னி' என்ற சொல்லைப் போனில் சொல்லவே மாட்டோம். அண்ணாவோடு இன்டர்நெட்டில் பேசுவது ஒன்றுதான் வழி.

"இங்கே வந்து பேசுங்கள், டீச்சர்," என்று நோனா கூப்பிட்டார். நல்ல மனசு. ஆனால் அவருடைய கம்பியூட்டர் இருந்த ஹோலில், கதிரைக்கு நேர் எதிரே, அவருடைய அக்காவின் மகன் ஆமி உடையில் சிரித்துக்கொண்டு நிற்கும் பெரிய படம் மாட்டியிருந்தது. அவன் அப்போது வடக்கில் சண்டையில் இருந்தான். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு, ஷெல்லடிக்குள் என் அம்மா எங்கே என்று நான் எப்படிக் கேட்பேன்? எனக்கு நாக்கு எழும்பாது.

என் கணவர்தான் வழி கண்டுபிடித்தார். கலஹாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பிலிமத்தலாவையில் கம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்தவர். பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். மேல் வீட்டு ரவுட்டருக்கு இதை அறிமுகப்படுத்தி, இதற்கு அதை அறிமுகப்படுத்தினால், கம்பியே இல்லாமல் இரண்டும் கைகோத்துக்கொள்ளுமாம். "இதுக்குச் சொந்த வேலை ஒண்ணும் இல்ல. மேல இருக்கிறது சொல்றத இது கீழ கடத்தும். வெறும் பாலம்," என்றார். நோனாவிடம் கேட்டோம். "அதற்கென்ன, எடுத்துக்கொள்ளுங்கள்," என்று அவருடைய ரவுட்டரைத் திறந்துகாட்டி, எங்களுக்கு இஞ்சித் தேநீரும் தந்தார்.

மண்சுவர் ஒன்று குறுக்கே நின்றதால் பாலம் முதலில் பிடிக்கவில்லை. சமையலறை ஜன்னலில் ரவுட்டரைக் கட்டி, பால்மா டின் ஒன்றை நடுவே வெட்டி விரித்து, அதன் ஏரியலுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தார். டின்னின் வாய் நோனாவின் வீட்டைப் பார்த்தது. பார்க்க ஏதோ பிள்ளைகள் செய்த விளையாட்டுச் சாமான் போல இருந்தாலும், அன்று பின்னேரமே அண்ணாவின் குரல் கரகரவென்று வந்தது. நான் மேசையில் தலைவைத்து அழுதேன். அவர் பெருமையாக டின்னைத் தட்டிக்கொடுத்தார்.

அவர் இன்னொரு வேலையும் செய்தார். இப்படியான பெட்டிகள் தங்கள் பெயரைக் காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் யார் கம்பியூட்டரைத் திறந்தாலும் அந்தப் பெயர் தெரியும். எங்கள் ரவுட்டரின் பெயர் வெளியே தெரியாதபடி அவர் மறைத்துவிட்டார்.

"ஏன் மறைக்கிறியள்? நோனாவுக்குத் தெரிஞ்சுதானே செய்யிறம்?"

"பேரு இல்லாட்டி பிரச்சின இல்ல. நீ சும்மா இரு."

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எண்பத்து மூன்று கலவரத்தில் அவருடைய அப்பாவின் சின்னக் கடை தப்பியது. பெயின்ட் அடிப்பதற்காகப் பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்திருந்தார்களாம். கூட்டம் பக்கத்துக் கடையை எரித்துவிட்டு, பெயரில்லாத கடையைத் தாண்டிப் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தக் குடும்பம் எதற்கும் பெயர் எழுதியதில்லை. கேட்டில் எழுதவில்லை, தபால்பெட்டியில் எழுதவில்லை. பஸ்ஸில் ஏறுமுன் என் பொட்டை அழிக்கச் சொல்வார். போன் வந்தால் தமிழில் பேசாதே என்று கண்ணைக் காட்டுவார். பொலிஸில் வீட்டு ஆட்களைப் பதிந்தபோதும், "மாமியார் கனடாவில் மகனோட இருக்காங்க," என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கும் அம்மாவை இருக்கும் இடத்தில் இல்லை என்று சொல்ல இவருக்கு எப்படி மனம் வந்தது? ஆனால் வன்னியில் அம்மா இருக்கிறார் என்று சொன்ன வீடுகளில் என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணா இரண்டு மூன்று நாளைக்கொருமுறை கூப்பிடுவார். அங்கே விடியற்காலை, இங்கே பின்னேரம். "இன்னும் ஒண்டும் தெரியேல்லை." அவ்வளவுதான். மழை அடித்தால் அதுவும் பாதியில் அறுந்துபோகும். டீவியில் வெற்றிச் செய்தி, ரோட்டில் கொடி, நோனாவின் வீட்டு முகப்பிலும் கொடி. நான் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கிழமை நோனாவின் அக்கா மகன் லீவில் வந்திருந்தான். தோய்த்த உடுப்பைக் காயப்போட மேலே போனபோது நோனா சாதாரணமாகச் சொன்னார்: "மகன் கம்பியூட்டரைத் திறந்தான் டீச்சர். என் பெயரில் ஒன்று இருக்கிறதாம், பெயரே இல்லாமல் இன்னொன்றும் இருக்கிறதாம். அதுவும் பலமாக இருக்கிறதாம். இது யாருடையது என்று கேட்டான். எனக்கு இருப்பது ஒன்றுதானே? தெரியாது என்றேன்." பெயரில்லாத அந்த ஒன்றும் தன் லைனிலிருந்துதான் வழிகிறது என்று பாவம், அவருக்கு விளங்கவில்லை. ஈரத் துணியோடேயே கீழே ஓடிவந்தேன்.

நோனா சொன்னதைக் கணவரிடம் சொன்னேன். ஜன்னலடிக்குப் போய் ரவுட்டரைக் கழற்றக் கையை வைத்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மான்ர சேதி வருமட்டும் இதைத் தொடக்கூடாது."

"புரியாம பேசாத. ஆமிக்காரப் பையன் பாத்துட்டான்."

"அப்ப பேரைப் போடுங்கோ. நோனாக்குப் போய்ச் சொல்லுங்கோ."

"இப்ப பேரப் போட்டா, கண்டவொடன ஏன் மாத்துனேன்னு கேப்பானுங்க."

கழற்றினாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. கடைசியில் காலையில் நோனாவிடம் பேசுவது என்று முடிவு செய்தோம். எங்களை விட அந்தப் பையன் சுறுசுறுப்பானவன்; அதற்குள் பொலிஸுக்குச் சொல்லிவிட்டான். காலையில் நாங்கள் போனபோது நோனா விகாரைக்குப் போயிருந்தார். பின்னேரம் மேலே பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

படியிறங்கி வந்தவர்கள் இரண்டு பேர். நரைத்த மீசையோடு ஒரு சார்ஜன்ட். கூடவே, நாங்கள் தமிழில் பேசுவதை விளங்கிக்கொள்ள அழைத்துவரப்பட்ட ஒரு முஸ்லிம் கான்ஸ்டபிள். சார்ஜன்ட் சத்தம் போடவில்லை. சப்பாத்தைக் கழற்றட்டுமா என்றுகூடச் சிங்களத்தில் கேட்டார். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நேரே சமையலறைக்குப் போய், பால்மா டின்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது எங்கே பார்க்கிறது?"

"மேல் வீட்டை, சேர்," என்றார் கணவர்.

"வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள்?"

"இவங்க அண்ணன், கனடாவில். அம்மாவும் அவரோடதான்." அதையும் பதிவில் சொன்னபடியே சொன்னார். கான்ஸ்டபிள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜீப்பைக் கண்டு நோனாவும் மூச்சிரைக்க இறங்கி வந்துவிட்டார். "நான்தான் அனுமதி கொடுத்தேன். என் லைன்தான் இது. இவர்கள் நல்ல பிள்ளைகள்," என்று கையை விரித்தார். சார்ஜன்ட் அவரை வணங்கிவிட்டு, கணவர் பக்கம் திரும்பினார்.

"நோனா கொடுத்தது சரி. நீ ஏன் பெயரை மறைத்தாய்?"

"பாதுகாப்புக்கு, சேர்."

"யாரிடமிருந்து?"

எண்பத்து மூன்றில் கழற்றிவைத்த பெயர்ப்பலகையைப் பற்றி ஒரு பொலிஸ்காரருக்கும் ஆமிக்காரனின் சின்னம்மாவுக்கும் முன்னால் எப்படிச் சொல்வது? உங்களிடமிருந்துதான் என்று சொல்வதா? இப்போது இவரை ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன். எந்த ஒளிப்பு இவ்வளவு காலமும் காப்பாற்றியதோ, அதே ஒளிப்புதான் காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்போதுதான் கம்பியூட்டர் மணி அடித்தது. அண்ணா.

"எடுங்கள்," என்றார் சார்ஜன்ட். "ஸ்பீக்கரில்."

கான்ஸ்டபிள் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் எடுத்தேன்.

"அண்ணா, வீட்டில ஆக்கள் நிக்கினம்."

"அப்ப பிறகு சொல்லட்டோ?" என்று அண்ணா கேட்டார். அந்தக் குரலிலேயே ஏதோ கிடந்தது. பிறகு சொல்லுங்கோ என்று சொல்லியிருக்கலாம். புத்தியுள்ளவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். என்னால் முடியவில்லை. எத்தனை மாதம் காத்திருந்தேன்?

"இப்பவே சொல்லுங்கோ."

"தங்கச்சியும் பிள்ளையளும் வந்திட்டினம். அம்மா வரேல்லை." மூச்சை இழுத்தார். "அம்மா இல்லை, பிள்ளை."

எனக்குக் காது அடைத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எந்த இடத்தில், எப்படி, பக்கத்தில் யார் இருந்தது, புதைத்தார்களா? எல்லாக் கேள்வியும் ஒன்றாக வாய்க்கு வந்தது. ஒன்றையும் கேட்க முடியாது. பதிவில் கனடாவில் இருக்கும் அம்மா, வன்னியில் எப்படிச் சாவார்?

"மொகத கியன்னே?" என்றார் சார்ஜன்ட். என்ன சொல்கிறான் என்று கான்ஸ்டபிளைக் கேட்டார்.

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஒரே ஒரு வசனம். அதை உள்ளபடி சொன்னால் அடுத்த நிமிடம் ஜீப்பில் நாங்கள் இருவரும் இருப்போம்.

"அண்ணன் பேசுறார், சேர்," என்றார் சிங்களத்தில், குரல் மாறாமல். "தங்கச்சி குடும்பம் சுகமாம். அவரோடு இருக்கிற அம்மாவும் சுகமாம்."

சார்ஜன்ட்டின் முகம் இளகியது. "அப்படியா? அம்மாவைக் கூப்பிடச் சொல்லுங்கள், டீச்சர். எங்களுக்காகப் பேசாமல் விடாதீர்கள். எனக்கும் ஊரில் வயதான அம்மா இருக்கிறார்."

அவர் உண்மையாகவே சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது. ஸ்பீக்கரில் அண்ணா விசும்புவது கேட்கத் தொடங்கியது. என் கணவர் ஜன்னலடியில் நின்றபடி ரவுட்டரின் கரண்ட் கம்பியைக் கைமறைவில் பிடுங்கிவிட்டார். குரல் அறுந்தது.

"லைன் போயிடுச்சு, சேர். அடிக்கடி இப்படித்தான்."

சார்ஜன்ட் சிரித்தார். இவ்வளவு பாடுபட்டு இதற்கா என்பதுபோல் டின்னைத் தட்டினார். நாடு கொஞ்சம் அமைதியாகும்வரை இதெல்லாம் வேண்டாம், கழற்றி எடுத்துக்கொண்டு போகிறோம், பிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நோனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அம்மா சுகம் என்றாரே, டீச்சர், அது போதும். எவ்வளவு பயந்திருப்பீர்கள்," என்றார். நான் சிரித்தேன். சிரித்தது நான்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் முகத்தில் வலிக்கிறது.

சார்ஜன்ட்டும் நோனாவும் பேசிக்கொண்டு படியேறினார்கள். கான்ஸ்டபிள் பின்தங்கி, ரவுட்டரின் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்தும் போகவில்லை. நிமிர்ந்து பார்க்காமலே மெதுவாகச் சொன்னார்:

"டீச்சர், அழுறதெண்டா ஜீப் போன பொறகு அழுங்க."

நான் தலையாட்டினேன். அவரும் படியேறிப் போனார். ஜீப் புறப்படும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். என் கணவர் என் தோளைப் பிடித்திருந்தார்.

ஜீப் புறப்படவில்லை. மேலே நோனாவின் குரல் கேட்டது. வந்தவர்களைச் சும்மா அனுப்பக்கூடாது என்று, தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். கதிரை இழுக்கும் சத்தம், கோப்பைகள் வைக்கும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. அவர்கள் குடித்து முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் சத்தம் போடாமல் நின்றுகொண்டிருந்தோம்.