மகளுக்குக் காலேஜ் தேடி அடையாறு வழியாகக் கடற்கரைக்கு

பாண்டி பஜார் பஸ் நிறுத்தத்தில் நான் தனியாக இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து, ஒரு அம்மாள் தன் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றாள். என் மகள் திரேசாவும் என்னோடு வராதவள் மாதிரி தெருவின் அந்தப் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அவர்கள்மேல் குற்றமில்லை. "என் மகள் அடக்கமான பெண், தையல் வேலை நன்றாக வரும்" என்கிற ஒரே வாக்கியத்தை இங்கிலீஷில் விடியற்காலையிலிருந்து உருப்போட்டுக்கொண்டிருந்தேன். பெண்ணைப் படிக்கச் சேர்க்கப் போனால் முதலில் அப்பனைத்தான் கேள்வி கேட்பார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். நான் நாலாவது பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தி. நகரில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன்.

இது போன வருஷம், 1945 ஜூனில் நடந்தது. திரேசா எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். இந்த வருஷம் பெண்ணோடு அலையப்போகிற தகப்பன்மார்களுக்கு உதவட்டும் என்று போன வழியை எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் மயிலாப்பூரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி என்று முடிவு செய்திருந்தோம். இரண்டு வருஷம், உடனே வேலை. திரேசாவுக்குக் காலேஜில் இன்டர்மீடியட் சேர்ந்து கணக்கு எடுத்துப் படிக்க ஆசை. கஞ்சி குடிக்கும்போது ஒரு தடவை சொன்னாள். "ஊறுகாய் வேணுமா?" என்று அவள் அம்மா கேட்டாள். பேச்சு அதோடு நின்றது.

முதலில் அடையாறு. அங்கேதான் திரேசாவின் ஞானத்தகப்பன் சூசைநாதர் இருக்கிறார். எங்களில் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் கை கொடுத்தவரைக் கேட்காமல் படிப்பும் கிடையாது, கல்யாணமும் கிடையாது. தி. நகரிலிருந்து சைதாப்பேட்டை போய் பஸ் மாற வேண்டும். ஆளுக்கு மூன்றணா ஆயிற்று. நாலைந்து மைல்தான். ஆனால் யுத்தத்தால் பெட்ரோல் இல்லாமல் கரி வாயுவில் ஓடுகிற பஸ் அது. பாதியில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி, பின்னால் இருந்த கரி அடுப்பைக் கம்பியால் கிளறினார்.

"இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?"

"கரியக் கேளு நைனா. எனக்கு இன்னா தெரியும்?"

சூசைநாதர் எங்களுக்காகவே காத்திருந்தார். "டிரெயினிங்தான் அருளப்பா, வேற பேச்சே வேணாம். மதர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், எடம் ரெடி" என்றார். பிறகு திரேசாவைப் பார்த்து, "என்னம்மா, சந்தோஷம்தானே?" என்றார்.

"நல்லதுங்க ஐயா" என்றாள்.

கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை என்று எனக்குத் தெரிந்தது. கரி பஸ்ஸில் வந்த களைப்பு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடையாற்றுப் பாலம் தாண்டி மயிலாப்பூருக்கு மூன்று மைல், இரண்டணா. பயிற்சிப் பள்ளியில் எல்லாம் கால் மணியில் முடிந்தது. திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். என்னை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உருப்போட்டது வீணாயிற்றே என்றுகூட இருந்தது.

வாசலுக்கு வந்ததும் திரேசா, "அப்பா, கடற்கரைப் பக்கம் அந்தப் பொம்பளைங்க காலேஜ் இங்கேருந்து ஒன்றரை மைல்தான். சும்மா பார்த்துட்டுப் போலாமா?" என்றாள்.

"சும்மாதானே?"

"சும்மாதான்."

தூரத்தை அவ்வளவு சரியாக அவள் விசாரித்து வைத்திருந்ததிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ரிக்‌ஷாக்காரன் ஆறணா கேட்டு நாலணாவுக்கு வந்தான்.

"இன்னா நைனா, பாப்பாவ காலேஜில சேக்கப் போறியா?"

"சும்மா பார்க்கத்தான்."

"பாக்கறதுக்கா இம்மாம் பெரிய கோட்டு?"

என் கல்யாணக் கோட்டு அது. பக்கத்தில் திரேசா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அங்கே போனால் விண்ணப்பம் கொடுத்த பெண்களை அன்றைக்கே பிரின்சிபால் அம்மாள் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். திரேசா விடுவிடுவென்று போய் ஒரு விண்ணப்பம் வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை, அந்த இங்கிலீஷ் வாக்கியத்தை வாய்க்குள் மறுபடி உருப்போட ஆரம்பித்திருந்தேன். எங்கள் முறை வந்தது. கணக்கு ஏன் வேண்டும் என்று அந்த அம்மாள் இங்கிலீஷில் கேட்டார். யாரைக் கேட்டார் என்று பார்க்காமல் நான் எழுந்து நின்று, என் மகள் அடக்கமான பெண், தையல் நன்றாக வரும் என்று ஒப்பித்துவிட்டேன்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க" என்றார், தமிழில்.

தாழ்வாரத்து ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. திரேசா எதையோ எழுதினாள், நிறுத்தினாள், நெற்றியைத் தேய்த்தாள். போச்சு என்று நினைத்தேன். எனக்கு அதில் வருத்தமா நிம்மதியா என்று தெரியவில்லை. திடீரென்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். வீட்டில் ஒரு மாதம் பேசுகிற பேச்சு அது.

என்னைக் கூப்பிட்டார்கள். இடம் உண்டு, அப்பா கையெழுத்துப் போட வேண்டும், நாளை மதியம்வரை யோசித்துச் சொல்லலாம் என்றார் அம்மாள். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

"வேணாம்னா வேணாம்ப்பா. டிரெயினிங்கும் நல்லதுதான்" என்றாள் திரேசா.

"உள்ளே எதுக்குச் சிரிச்சே?"

"ஒரு கணக்கு கொடுத்தாங்க. தப்பாப் போட்டுட்டேன். எங்கே தப்புன்னு அப்புறம் நானே கண்டுபிடிச்சேன்."

"அதுக்கா சிரிப்பு?"

"ஆமாம்ப்பா."

இருபது வருஷமாகக் கண்ணாடி அறுக்கிறேன். தப்பாகப் போனதற்கு நான் ஒரு தடவையும் சிரித்ததில்லை. வாசல் கேட் வரை நடந்தவன் திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கரி பஸ்ஸை நம்பி நேரம் குறிக்காதீர்கள், ஒரு மணி முன்னதாகவே கிளம்புங்கள். வெள்ளை உடுப்பு வேண்டாம், கரி படியும். ஜூன் வெயிலில் கோட்டு வேண்டவே வேண்டாம். மார்க்கு போட்ட எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். உள்ளே கேள்வி கேட்டால், அது உங்களை நேராகப் பார்த்துக் கேட்டதா என்று தெரிந்துகொண்டு வாயைத் திறங்கள். இரண்டு இடம் இருந்தால் இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் ஒன்றைக்கூடப் பார்க்காமல் முடிவு செய்தவன்.

திரும்பும் பஸ்ஸில் திரேசா மெதுவாக, "ஞானத்தகப்பன்கிட்ட யாரு சொல்றது?" என்றாள்.

"நான் சொல்லிக்கிறேன்."

"அம்மாகிட்ட?"

"அதை நீ சொல்லு."

கொஞ்ச நேரம் கழித்து, அது என்ன கணக்கு என்று கேட்டேன். உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தாள். டிக்கெட்டின் பின்பக்கம் விரலால் கோடு இழுத்து இழுத்து, தி. நகர் வரும்வரை சொன்னாள். நான் 'ம்' கொட்டிக்கொண்டே வந்தேன். அந்தக் கணக்கின் முதல் வரியிலேயே நான் இறங்கிவிட்டேன், இனிமேல் நீ தனியாகத்தான் போக வேண்டும் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.