எட்டு வூடு செல்வி அக்கா

செல்வி அக்கா இன்று காலை போய்விட்டார். டீயைக் கையில் வாங்கியபடி உட்கார்ந்திருந்தாராம்... அப்படியே.

விருத்தாசலத்தில் 'எட்டு வூடு' அக்கா என்றால் தெரியும். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். வீடில்லாமல் தெருவில் நிற்கும் குடும்பங்களைத் தங்கவைக்கும் டிரஸ்ட் அது. ஆரம்பித்தது என் குடோனில். எனக்குத் தெரியாமலே.

2000-க்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் இருக்கும். பீங்கான் பொம்மை, ஃபியூஸ் கட்டை எல்லாம் வாங்கி வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அக்கா எங்களிடம் பேக்கிங். வைக்கோல் வைத்து அவர் கட்டிய பெட்டி எவ்வளவு தூரம் போனாலும் ஒரு பொம்மைக்குக் காது உடையாது.

ஒரு ஐப்பசி மழையில் குடோனுக்குப் போகிறேன்... பெட்டிகளுக்கு நடுவே கொடி கட்டி ஈரப் பாவாடை காய்கிறது. வாசலோரம் மூன்று கல் வைத்து அடுப்பு.

"யாருதுக்கா இதெல்லாம்?"

"ஜங்ஷன் வாசல்ல நனைஞ்சிக்கிட்டு கெடந்தாங்க தம்பி. புருசன், பொண்டாட்டி, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. மழ வுட்டதும் போயிடுவாங்க."

"வைக்கோல் கெடக்குற எடத்துல அடுப்பா? குடோனே எரிஞ்சிடும்!"

"அதான் மழத்தண்ணி பக்கமா வெச்சிருக்கேன். திட்டுறத திட்டிட்டு ஒரு வா டீ குடிச்சிட்டுப் போ."

மழை விட்டது. அந்தக் குடும்பம் போகவில்லை. இன்னும் மூன்று குடும்பம் வந்தது.

நான் தர்மவான் இல்லை, வியாபாரி. அக்காவைப் பகைத்துக்கொண்டால் அப்படிப் பேக்கிங் செய்ய ஆள் கிடைக்காது. அதனால் சரக்குக்கு வேறு ஷெட் பார்த்துக்கொண்டேன். உண்மை அதுதான்.

ஆண்களை ஒரு பக்கம், பெண்களை ஒரு பக்கம் படுக்கவைத்தால் இன்னும் நிறைய பேர் கொள்ளுமே என்று யோசனை சொன்னேன். முறைத்தார்.

"அதுக்குப் பேரு ஆஸ்பத்திரி. குடும்பம்னா தனிக் கதவு வேணும், உள்தாப்பா வேணும். புருசன் பொண்டாட்டி சண்ட போட்டா ஊரே வேடிக்க பாக்கணுமா?"

பழைய பெட்டிப் பலகையை அடித்து எட்டுத் தடுப்பு, எட்டுக் கதவு. நாலைந்து வருடம் கழித்து டிரஸ்ட்டாகப் பதிவு செய்யப் போனோம். "எட்டு வூடு" என்றார் அக்கா. பத்திரம் எழுதியவர் 'வீடு' என்று திருத்தினார். "வீடுன்னா பணக்காரங்களுது மாதிரி இருக்குது சார், வூடுன்னே போடுங்க..." போட்டார்.

பிறகு ஒருவர் மூடிக் கிடந்த சூளை ஷெட்டைக் கொடுத்தார். ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் இன்னொருவர் மனை கொடுத்தார். இப்போது முப்பது கதவுக்கு மேல். பெயர் மட்டும் எட்டு வூடுதான்.

இதில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று உண்டு.

டிரஸ்ட் பதிவான சந்தோஷத்தில் வாசலில் ஒரு தகர போர்டு மாட்டினேன். 'ஆதரவற்றோர் காப்பகம்.' கீழே அதைவிடப் பெரிய எழுத்தில், உபயம் என்று என் கடைப் பெயர்.

அடுத்த வாரம், முதலில் வந்த குடும்பத்தின் மூத்த பெண் கலைவாணியைப் பெண் பார்க்கக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்தார்கள். போர்டைப் படித்தார்கள். உள்ளே வராமலே திரும்பிவிட்டார்கள். கிண்டிவைத்த கேசரி அப்படியே இருந்தது.

அக்கா போர்டைக் கழற்றிக் கடைக்கே தூக்கி வந்துவிட்டார். கடை நிறைய ஆட்கள்.

"ஒன் பேரு எவ்வளவு பெருசா வேணா இருக்கட்டும் தம்பி. அந்தப் புள்ளைக்கு அப்பா இருக்காரு, அம்மா இருக்காங்க, நான் இருக்கேன். இதுல யாருப்பா ஆதரவற்றோர்?"

போர்டை வாங்கி மேஜைக்கு அடியில் தள்ளினேன்.

"வண்டிய எடு."

கருவேப்பிலங்குறிச்சியில் மாப்பிள்ளையின் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே பேசினார். "பொண்ணு மேல கொற இல்லீங்க. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அந்தப் பக்கம் யாரு வந்து நிப்பாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என்னைக் காட்டினார். "இதோ நிக்கறாரே, பொண்ணுக்குத் தாய்மாமன்."

தூக்கிவாரிப் போட்டது எனக்கு.

"தாய்மாமன் இருந்தா எதுக்கு அங்க தங்கியிருக்காங்க?"

"எடமே இவருதுதாங்க. போர்டு வெச்ச மடையன் தப்பா எழுதிட்டான்."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப சீரு நீங்கதான் எடுத்துக்கிட்டு வருவீங்களா?"

"ஆமாங்க... நான்தான்."

திரும்பும் வழியில் கேட்டேன், "ஏங்க்கா இப்படி மாட்டி வுட்டீங்க?"

"உபயம்னு போட்டுக்கிட்ட இல்ல? பண்ணு."

பட்டுப்புடவை, மாலை, தட்டு, மேளம்... எல்லாம் எடுத்துக்கொண்டு போய்த் தாய்மாமனாக நின்றேன். கலைவாணிக்கு அண்ணன் தம்பி கிடையாது. அவள் பையனுக்குக் காது குத்தியதும் என் மடியில்தான்.

காலையில் சேலத்திலிருந்து போன் செய்தாள். அழுகையில் பாதி புரியவில்லை. "மாமா, பஸ் ஏறிட்டேன். நான் வர வரைக்கும் எடுத்துடாதீங்க."

நாலு மணிக்கு மேல்தான் என்று சொல்லியிருக்கிறேன். வந்துவிடுவாள்.

அக்காவுக்குச் சொந்தம் என்று எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. சடங்கு செய்பவர் வந்து கேட்டார், "பொறந்த வூட்டுக் கோடி யாருங்க போடறது?"

எட்டு வூட்டு முற்றம் நிறைய ஆட்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தாங்க. தம்பி" என்றேன்.

புடவை எடுத்தாயிற்று. அக்காவுக்குப் பிடித்த பச்சை.

இதோ கிளம்பிட்டேன்க்கா... வரேன்.